கேமரா கேட்ட கேள்வி

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் ஏறி வந்த பஸ் இன்னும் கயத்தாறே தாண்டவில்லையாம். சிக்னல் கிடைக்கிற மெயின் ரோடு வரைக்கும் பைக்கில் போய்ப் போன் பேசிவிட்டு வந்தவர் இதைச் சொன்னதும், கோயில் முன்னால் நின்ற கூட்டம் அப்படியே தளர்ந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் சரிந்தது. இசக்கியும் தகரக் கொட்டகைத் தூணில் முதுகைக் கொடுத்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவள்தான் போட்டோ எடுக்க வந்தவள். யாருக்கும் அசிஸ்டென்டாக இல்லாமல் தனியாக வந்த முதல் விசேஷம். சும்மா இருக்கத் தெரியாத பிறவி, கை தானாகக் கேமராவை எடுத்துக் காலையில் எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே போயிற்று. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறான், முடி எடுக்கிறவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார், கோமதி அக்கா பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தானும் அழுகிற மாதிரி சிரிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் பெரிதாக்கினாள். பிள்ளையின் கண்ணுக்கு இரண்டு விளிம்பு இருந்தது. பிள்ளை ஆடியிருப்பான் என்று அடுத்த படத்துக்குப் போனாள். அதில் கத்திக்கு இரண்டு விளிம்பு. கத்தி ஆடும், சரி. அடுத்ததில் பின்னால் இருக்கிற கல்தூணுக்கும் இரண்டு விளிம்பு. கல்தூண் எப்படி ஆடும்? படத்தின் விவரத்தைத் திறந்தாள். நூற்று முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. எடுத்தது இருபத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸில். நூற்று முப்பத்தைந்து அந்த நேரம் பைக்குள், பழைய துண்டுக்குள் சுருண்டு கிடந்தது.

பழைய லென்ஸ் பேசாது. புது லென்ஸ் என்றால் மாட்டிய உடனே நான் இன்னார், இத்தனை மில்லிமீட்டர் என்று கேமராவிடம் அதுவே சொல்லிவிடும். பிலிம் காலத்து லென்ஸில் கண்ணாடியும் இரும்பும் தவிர ஒன்றும் கிடையாது. அதனால் இந்தப் பென்டாக்ஸ் கேமரா ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஆளைக் கேட்கும், எத்தனை மில்லிமீட்டர் என்று. கடைசியாகச் சொன்ன எண்ணை அதுவே காட்டிக்கொண்டு நிற்கும். மாற்றி ஓகே அமுக்க வேண்டும். கை நடுங்கினால் உள்ளே இருக்கிற சென்சார் எதிர்ப்பக்கம் அசைந்து அந்த நடுக்கத்தைச் சரிக்கட்டும். எவ்வளவு அசைய வேண்டும் என்பதற்குத்தான் அந்த எண். தூரத்து லென்ஸ் என்றால் நிறைய அசைய வேண்டும், கிட்டத்து லென்ஸ் என்றால் கொஞ்சம். கிட்டத்தை மாட்டிவிட்டுத் தூரம் என்று சொன்னால், இல்லாத நடுக்கத்தை எல்லாம் சரிக்கட்டுகிறேன் என்று அது பாட்டுக்கு ஆடித் தீர்த்துவிடும். வெயிலில் எடுத்திருந்தால் தப்பித்திருக்கும். தார்ப்பாய்க்குக் கீழே வெளிச்சம் கம்மி, ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடியிருக்கும். அவள் கை நடுங்கவில்லை. அதுதான் எரிச்சல். அவள் கை கல் மாதிரி நின்றது, பல்லைக் கடித்து மூச்சை நிறுத்தித்தான் ஒவ்வொன்றையும் எடுத்தாள். கேட்ட கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னதுதான் வினை. கேள்வியைப் பார்க்கக்கூட இல்லை. அந்த நேரம் முடி எடுக்கிறவர் கத்தியில் பிளேடை மாட்டிவிட்டார், பிள்ளை கத்த ஆரம்பித்துவிட்டான், ஓகே, ஓகே, வா, திற என்று அமுக்கிக்கொண்டே போனாள். பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி மிஸ் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையேதான் சொன்னார்கள், கேள்வியை முழுசாப் படிச்சிட்டு எழுது, உனக்குத் தெரியாம இல்ல. தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டதுகூடப் படிப்பு வராமல் இல்லை, அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக் கஷ்டம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லட்டும். கஷ்டம் இருந்தது, ஆனால் அதனால் விடவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் ஒரே பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு இருக்க முடியாது என்றுதான் விட்டாள். இப்போது இந்தத் தூணடியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பவும் முதல் படத்துக்குப் போனாள். ஒன்றாவது தேறாதா? கிட்ட நின்று எடுத்தது மொத்தமும் அதே கதை. ஒன்றில் கோமதி அக்காவின் மூக்குத்தி மட்டும் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது, ஒன்றில் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றிப் பெரிதாக்கினால் பிள்ளையின் உதடு பழைய டிவியில் வருகிற மாதிரி இரட்டையாக வந்தது. அதற்கு முன்னால், கோயில் வாசலில் தூரத்தில் நின்று நூற்று முப்பத்தைந்தில் எடுத்ததெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், மூன்று வருஷ முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு வடிகிறது, ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். அப்போது சொன்ன எண் சரி. அந்தப் பழைய கண்ணாடியில் ஒரு குணம் உண்டு, தோலை மினுக்காது, உள்ளபடி காட்டும், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் பாலாடை படிந்த மாதிரி வெளிச்சத்தைப் பரப்பும். கோயம்புத்தூரில் ஒரு பையன் ஆன்லைனில் இரண்டு லென்ஸையும் சேர்த்து விற்றான். முன்னே யார் யார் கையில் இருந்ததோ, போகஸ் வளையத்தின் வரிகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும், அங்கேதான் அவள் பெருவிரலும் போய் உட்காரும். அந்த ஆளும் ஒருநாள் இப்படி எதையாவது கோட்டை விட்டிருப்பானா? பிலிமைக் கழுவுகிற வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருக்காது, அதற்குள் பந்தலைப் பிரித்திருப்பார்கள், பொண்ணு மாப்பிள்ளை ஊருக்குப் போயிருப்பார்கள். அவனுக்கு ஒரு வாரம் நிம்மதியாவது கிடைத்திருக்கும். இந்த எழவு உடனே காட்டிவிடுகிறது. கொட்டகைத் தகரம் வெயிலுக்கு டக் டக் என்று விரிந்தது. பின்னால் கிடாக்கறி கொதிக்கிற வாசனை வந்தது.

இந்தக் கேமராவை வாங்கியபோது எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள். அவள் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டூடியோவில் சாலமோன் அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட் பேரு மாதிரி இருக்கு, இத எந்த ஊர்ல செய்தான்?" என்றார். அவர் சொன்னதில் கிண்டல் போக ஒரு நியாயமும் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒருத்தர் பேட்டரியை ஒருத்தர் கடன் வாங்குவார்கள், லென்ஸை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வார்கள், பந்தியில் கைமாறுகிற சாம்பார் வாளி மாதிரி பிளாஷ் கைமாறும். எல்லாரிடமும் ஒரே கம்பெனி, மிஞ்சினால் இரண்டு. "உனக்குப் பேட்டரி தீந்தா எவன்ட்ட போய் நிப்ப? ஆல்பத்துல ஒன் படம் மட்டும் தனி கலர்ல நிக்கும்ட்டி," என்றார். நிற்கட்டும் என்றாள். இந்தக் கேமராவில் எந்தக் காலத்து லென்ஸை மாட்டினாலும் உள்ளே இருக்கிற சென்சாரே நடுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றதில் அதற்குத் தனியாகப் புது லென்ஸ் வாங்க வேண்டும், மழைத்தூறல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று ஒப்பித்தாள். அத்தனையும் உண்மை. ஆனால் அதற்காக வாங்கினாளா? இங்கே உட்கார்ந்து தனக்குத்தானே பொய் சொல்ல முடியவில்லை. எல்லாரும் வைத்திருப்பதை வாங்கினால் எல்லாரோடும் வைத்துப் பார்ப்பார்கள். அதே கேமராதானே, அவன் எடுத்தது எப்படி இருக்கு, நீ எடுத்தது எப்படி இருக்கு என்பார்கள். யாரும் கேள்விப்படாததை வைத்திருந்தால் யாரோடும் ஒப்பிட முடியாது. படம் நன்றாக வந்தால் இவள் கெட்டிக்காரி. வராவிட்டால்…

வராவிட்டால் கேமரா சரியில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு ஆடிய கால் நின்றுவிட்டது. எவ்வளவு சுலபம். அக்கா, கேமரா மக்கர் பண்ணிட்டுக்கா, என்னன்னே தெரியல. முடிந்தது. அக்காவும் நம்புவாள், சாலமோன் அண்ணன் நான் அப்பவே சொன்னேம்லா என்பார், வாட்சப் குரூப்பில் நாலு பேர் சிரிக்கிற பொம்மை போடுவார்கள், ஒருத்தன்கூட இவளைக் குறை சொல்ல மாட்டான். பாவம், சின்னப் பிள்ளை, தெரியாத கம்பெனியை வாங்கி ஏமாந்துட்டு என்பார்கள். மாசி மாசம் அக்காவின் நாத்தனார் கல்யாணம், அதற்கும் நீதான் என்று அக்கா போன வாரமே சொல்லிவிட்டாள். வேறு கேமரா வாடகைக்கு எடுத்துட்டு வாரேன்க்கா என்றால் சரி என்றுதான் சொல்வாள். எல்லாம் சரியாகிவிடும், ஒன்றைத் தவிர. மடியில் கிடந்த கேமராவைப் பார்த்தாள். அது கேட்டது. எத்தனை என்று கேட்டது, எண்ணைக் காட்டியது, அவள் ஓகே என்கிற வரைக்கும் காத்திருந்தது. இதற்கு மேல் ஒரு கேமரா என்னதான் செய்யும்? இரும்புக்கு என்ன மானம், அதன் மேல் பழியைப் போட்டால் அதுவா வந்து அழப்போகிறது என்றும் தோன்றியது. அழாது. ஆனால் நாளைக்கு இதைக் கையில் எடுக்கிறபோது எப்படி எடுப்பது? இதை வைத்துத்தானே பிழைக்கப் போகிறாள். அவளே அதை உதவாக்கரை என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் பிறகு எவன் கூப்பிடுவான்? அப்படியும் யோசித்தாள். நல்லவள் ஆவதற்காக ஒன்றும் யோசிக்கவில்லை, இரண்டு பக்கமும் நஷ்டம்தான் தெரிந்தது.

"என்னட்டி, தனியா உக்காந்து படம் பாக்க?" என்று கோமதி அக்கா வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, தலை முழுக்கச் சந்தனம், அழுது ஓய்ந்த களைப்பில் ஒரு முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தான். பேட்டையில் இசக்கி வீட்டுக்கு எதிர்வீடு இவர்களுடையது. அக்கா புருஷன் குவைத்தில் இருக்கிறார். பிள்ளை பிறந்த சமயம் வந்து போனதோடு சரி, அப்போது அவனுக்குத் தலையில் பூனைமுடிதான். அப்புறம் வளர்ந்தது பூராவும் போனில் பார்த்ததுதான். சாமிக்கு நேர்ந்துவிட்டதால் ஒரு தடவைகூடக் கத்தரி வைக்கவில்லை, அக்கா இரட்டைச் சடை போட்டுக் காட்டுவாள், அவர் போனுக்குள்ளேயே கையை நீட்டித் தடவுகிற மாதிரி செய்வார். "அந்த முடி எறங்குறப்ப எடுத்த போட்டோ எனக்கு வேணும், பெருசாப் போட்டு ரூம்ல மாட்டணும்," என்று கேட்டது அவர்தான். இங்கே சிக்னல் இல்லாததால் அப்போதே வீடியோ காலில் காட்டவும் வழியில்லை. "முடி எடுத்தத காட்டு பாப்போம்," என்று அக்கா குனிந்தாள். இசக்கி காட்டினாள். மறைக்கத் தோன்றவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை, காட்டினாள். உள்ளங்கை அளவு திரையில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஐயோ ஐயோ என்றாள், "அழுறத பாரு கழுத," என்று பிள்ளையின் மொட்டையில் முத்தம் வைத்தாள், மூக்கில் சந்தனம் ஒட்டிக்கொண்டது. "அவிய பாத்தா தேம்பிருவாவ. நல்லா எடுத்திருக்க புள்ள. இது போதும்," என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போனாள்.

இப்போது இன்னும் மோசம். சின்னதாகப் பார்த்தால் தெரியாது என்பது நிரூபணமாகிவிட்டது. போனுக்கு அனுப்பினால்கூடத் தெரியாமல் போகலாம். பெரிதாகப் போட்டு மாட்டும்போதுதான் பிள்ளைக்கு நாலு கண் வரும். அதற்குள் மாசம் ஓடியிருக்கும். லேபில் பிரின்ட் சரியில்லை என்று ஒரு வார்த்தை. கேமராவும் வேண்டாம், இப்போது லேபின் தலையில் கட்டலாம். ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேகமாகக் கிளைக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இதில் மட்டும் அவசரப்படாமல் பொறுமையாக யோசிக்கிறாளே. வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறாள். கடையில் பீடியைக் கொட்டிக் கழிவு எடுப்பார்கள், மண்டை மடிப்பு சரியில்லாதது, நூல் தளர்ந்தது எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து ராத்திரியே அதற்குப் பதில் வேறு சுற்றிவிடுவாள். இலை இருக்கிறது, தூள் இருக்கிறது, விரல் இருக்கிறது. முடிக்கு எங்கே போவது? அந்தத் தலையில் அந்த முடி இனி முளைக்காது, முளைப்பது வேறு முடி. சரி, வேறு யாராவது செல்லில் எடுத்திருப்பார்கள் என்று ஒரு கணம் நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்திலேயே சாய்ந்தாள். எடுத்திருக்க மாட்டார்கள். அவள்தான் தடுத்தாள். கத்தி வைக்கப் போகிற நேரம் ஆளாளுக்குச் செல்லைத் தூக்கிக்கொண்டு முண்டியபோது, "எல்லாரும் செல்ல உள்ள வைங்க, படத்துல கை கையா வருது, நான் எடுத்துத் தாரேம்லா," என்று கத்தியவள் இவள். அத்தனை பெரிய மனுஷர்களும் அப்படியே சட்டைப் பைக்குள் போட்டார்கள். அக்கா வீட்டுச் சித்தப்பா ஒருத்தர், "பரவாயில்ல, அதிகாரமா நிக்கா," என்று மெச்சினார். அந்த மெச்சல் அவளுக்குத் தித்தித்தது. தித்தித்த கையோடுதான் லென்ஸை மாற்றினாள். ஒருவேளை அந்தத் தித்திப்புதான் எண்ணைப் பார்க்க விடவில்லையோ என்னவோ.

கொட்டகைக்கு வெளியே ஆட்டோச் சத்தம் கேட்டது. கொட்டு அடிக்கிறவர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்கள். தாய்மாமன் சுடலைமுத்து, திருப்பூரிலிருந்து ராத்திரி பூரா வந்த கசங்கல் வேட்டியோடு, சீர்த்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். மாலை போடுவதை எடுக்க வேண்டும். இசக்கி எழுந்தாள், எழுந்தவள் அந்தப் பக்கம் போகாமல் பந்திக்குப் பின்னால் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. முடிவு எடுத்துவிட்டுப் போகவில்லை. இதை வயிற்றில் வைத்துக்கொண்டு அடுத்த படம் எடுக்க முடியாது, இதையும் கெடுத்துவிடுவோம் என்கிற பயம்தான் தள்ளிக்கொண்டு போயிற்று. கோமதி அக்கா பிள்ளைக்குப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முடி எடுத்த போட்டோ எல்லாம் ஆடிட்டுக்கா."

"ஆடிட்டுன்னா? இப்பத்தான பாத்தேன்."

"சின்னதா பாத்தா தெரியாது. இப்ப பாருங்க." பெரிதாக்கிக் கொடுத்தாள். அக்கா சந்தனக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். அடுத்தது என்றாள். அதற்கடுத்தது என்றாள். தானே பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டு கடைசி வரைக்கும் போனாள்.

"எல்லாமேவா?"

"கிட்ட நின்னு எடுத்தது எல்லாம். தண்ணி தெளிச்சது வரைக்கும் நல்லா இருக்கு."

"அதுல முடி அப்படியேல்லா இருக்கும். அவிய கேட்டது எறங்குறத."

"ஆமாக்கா."

அக்கா கேமராவைத் திருப்பி அதன் நெற்றியில் இருந்த பேரைப் பார்த்தாள். "கேமராக் கோளாறா?"

அக்காவே அடி எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமா என்று ஒரு சொல். இசக்கிக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. கொட்டுச் சத்தம் கிட்டத்தில் கேட்டது, பிள்ளை ஒற்றைக் கையை மட்டும் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்லக்கா. லென்ஸ மாத்துனா உள்ள ஒரு எண்ண மாத்தணும். நான் பாக்காம அமுக்கிட்டேன்."

"தெரியாமலா?"

"தெரியும். அவசரத்துல."

"எல்லாரையும் செல்ல வேற உள்ள வைக்கச் சொன்ன."

"ஆமா."

கோமதி அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் இசக்கியும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள், அது அவளுக்கு வரும். அக்கா பிள்ளையின் இன்னொரு கையைச் சட்டைக்குள் நுழைத்தாள், பொத்தானைப் போட்டாள், ஒன்று மாறிவிட்டது, கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டாள். "சாயங்காலம் அவிய போன் போடுவாவ. எனக்குச் சொல்ல வராது, நீயே சொல்லிரு," என்றாள். கொஞ்சம் கழித்து, "மாசிக் கல்யாணத்துக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாத," என்றாள். சரிக்கா என்றாள் இசக்கி. கண் எரிந்தது. கறி வதக்குகிற புகை என்று வைத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீர் தெளித்த படங்களை அக்கா இன்னொரு முறை பார்த்தாள், ஒன்றில் நிறுத்தி, தானாகவே பெரிதாக்கி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியைக் கட்டைவிரலால் திரையில் தடவினாள். "இது இருக்கட்டும்," என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஆசாரி ஊசியைத் துடைத்து வாழையிலைத் துண்டில் வைத்திருந்தார். கம்பளத்தில் சம்மணம் போட்டிருந்த சுடலைமுத்து, இசக்கி எதிரே வந்து முட்டி போட்டுக் கேமராவைத் தூக்கியதும் கண்ணைச் சுருக்கிப் பேரைப் படித்தார். "என்ன கம்பெனி இது? நான் கேட்டதே இல்லையே. இதுல படம் விழுமா?" என்றார். சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கோமதி அக்கா பிள்ளையை அவர் மடியில் இறக்கி, கால்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கேமராவுல ஒரு குத்தமும் இல்லண்ணே. படம் எடுக்கிற இந்தப் புள்ளைக்குத்தான் அவசரம்," என்றாள் அக்கா. "நீ நிமிந்து உக்காரு."